நோரீன் கட்டிய நோயாளி வேடம்

நோயாளி வேடம் கட்டினால் நோரீனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்துப் பழங்குடி ஊர்களில் வேலை பழகப் போகிற நர்ஸ், டாக்டர் படிப்புப் பிள்ளைகள், அதற்கு முன்னால் அந்த மண்ணின் மக்களான இவளிடமும் இவள் தங்கை டல்சியிடமும் வந்து மாட்டிக்கொள்வார்கள். வறண்ட ஆற்று மணலில், மர நிழலில் வகுப்பு. டல்சி பாடம் சொல்வாள். நோரீன் நோயாளியாக நடித்துப் பிள்ளைகளைப் படுத்தி எடுப்பாள்.

எதைக் கேட்டாலும் "ஆமா" என்பதுதான் அவள் வித்தை. மாத்திரை சாப்பிட்டீங்களா? ஆமா. சாப்பிடலையா? அதற்கும் ஆமா. கேட்கிறவர் சீக்கிரம் எழுந்து போகட்டும் என்று ஊரில் பாதிப்பேர் நர்ஸிடம் சொல்வது இதைத்தான். அந்த ஆமாவை நம்பிப் பிள்ளைகள் தலையாட்டும்போது டல்சிக்குச் சிரிப்பு தாங்காது.

இந்தத் தடவை வேடத்துக்குள் ஒரு நிஜம் ஒளிந்திருந்தது. நோரீனின் காலுறைக்குள், பெருவிரலுக்கு அடியில், ஒரு புண். சர்க்கரைக்காரியின் கால், வலிகூடத் தெரியவில்லை. நாற்றம் மட்டும் ஆரம்பித்திருந்தது. கிளினிக்கில் காட்டினால் விமானத்தில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். மூத்த அக்கா அப்படித்தான் போனாள், சவப்பெட்டியில் திரும்பி வந்தாள். செத்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பது இங்கே வழக்கம், அவள் பெயரை இன்றுவரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் கால் நன்றாக இருக்கிறதா என்று டல்சி கேட்டபோதும் நோரீன் ஓர் ஆமாவைத்தான் கொடுத்திருந்தாள்.

காலையில் உறவு சொல்லும் பாடம். உறவில் நிற்காதவரோடு இங்கே பேச்சே தொடங்காது என்று டல்சி ஒவ்வொரு பிள்ளையையும் ஓர் உறவில் நிறுத்தினாள். நெட்டைப் பையன் ஒருவன் நோரீனுக்கு மருமகனானான். இங்கே மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. பாவம், பகல் முழுக்க மரத்துக்குப் பின்னாலேயே டீ குடித்தான். ஆட்டுப்பண்ணையில் பிறந்து வளர்ந்த பெத்தனிக்கு நம்பிஜின்பா என்ற உறவுப்பெயர் விழுந்தது, அதாவது நோரீனுக்கு மகள். பெற்றதெல்லாம் ஆண்பிள்ளைகளான நோரீனுக்கு அது உள்ளூர இனித்தது. ஆனால் காட்டிக்கொள்வாளா? இவ்வளவு மோசமாக டீ போடுகிறவளா என் மகள் என்று அலுத்துக்கொண்டாள்.

மதியம் கங்காரு வாலைத் தணலில் புதைத்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்கினார்கள். முன்னால் வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கூடை ஆமாவை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் பெத்தனி வந்தாள். டல்சி சொன்னபடி எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இவள் தேறிவிடுவாள் என்று நோரீன் நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து டல்சியின் கிழட்டு நாய் வந்து நோரீனின் காலுறையை முகர்ந்தது. பிறகு நக்கத் தொடங்கியது. விரட்டினால் மறுபடி வந்தது, சனியன். பெத்தனி பார்த்துவிட்டாள். பார்த்ததும் கண்ணை மணலுக்குத் திருப்பிக்கொண்டாள். நோரீன் நாக்கு நுனியில் ஆமாவைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கால் பற்றிய கேள்வி வரவேயில்லை. மணலைப் பார்த்தபடியே பெத்தனி மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, திங்கக்கிழமை இந்த ஊர் கிளினிக்லதான் வேலைக்குச் சேரணும். அங்க எனக்கு யாரையும் தெரியாது. பயமா இருக்கு. கூட வர்றீங்களா?"

மகள் துணைக்குக் கூப்பிட்டுத் தாய் போகாமல் இருப்பது இந்த மண்ணில் கிடையாது. அதைக் காலையில் சொல்லிக்கொடுத்ததே இவர்கள்தான். கள்ளி, கண்டுகொண்டுதான் கேட்கிறாள். இப்போதும் ஓர் ஆமாவைச் சொல்லிவிட்டு அன்றைக்குப் போகாமல் இருந்துவிடலாம். ஆனால் இந்தப் பெண் கிளினிக் வாசலில் தனியாக நின்று வழி பார்த்துக்கொண்டிருப்பாளே. நோரீனுக்குக் கோபம் வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது.

"திங்கக்கிழமை வரைக்கும் இந்தக் கால் தாங்காதுடி," என்றாள்.

காலுறையைக் கழற்றினாள். டல்சியின் சிரிப்பு நின்றுபோயிற்று. திட்ட வாயெடுத்தவள், திட்டாமல் கார் சாவியைத் தேடப் போனாள். மரத்துக்குப் பின்னாலிருந்த மருமகன் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்து தணலை மூடினான்.

நோரீன் பெத்தனியின் தோளைப் பிடித்து எழுந்தாள். "பிளேன்ல ஏத்துனா நீயும் ஏறணும். திரும்பக் கூட்டிட்டு வர்றதும் நீதான். மகள்னா சும்மாவா?"

"ஆமா," என்றாள் பெத்தனி.

அது எந்த ஆமா என்று நோரீன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு காரில் ஏறினாள்.