தண்ணீர்க் கோடு

திரையில் இருந்த கோடு அசையவே இல்லை. ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேராகப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர்களுக்கு அதில் திருப்தி. இந்துப்ரியாவுக்குத்தான் உறுத்தியது.

அவள் அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தவள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மெஷின்கள் கக்குகிற எண்களையெல்லாம் வாங்கி, டாக்டர்கள் கூடிப் பேசும்போது ஒரே பார்வையில் புரிகிற மாதிரி படமாக்கிக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. இந்தப் படம் சவரியப்பன் சாருடைய உடம்புச் சூடு.

சவரியப்பன் கோச்சடைக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தவர் விசில் வாயிலிருக்க அப்படியே சாய்ந்துவிட்டார். கூட இருந்த வாத்தியார்கள் நெஞ்சை அமுக்கி அமுக்கி, நின்றுபோன இதயத்தை ஓடவைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இதயம் ஓடியது, கண் திறக்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு மூளை மேலும் கெட்டுவிடாமல் இருக்க உடம்பைக் கொஞ்ச காலம் குளிர்ச்சியிலும் மயக்கத்திலும் வைப்பதுண்டு. மார்பிலும் தொடையிலும் பட்டைகளை ஒட்டி, அதற்குள் தண்ணீரை ஓடவிடுவார்கள். உடம்பு சூடேறினால் மெஷின் தண்ணீரைக் குளிரவைக்கும். உடம்பு ரொம்பக் குளிர்ந்தால் தண்ணீரைச் சூடாக்கும். அப்புறம் மெல்ல மெல்ல உடம்பின் சூட்டை ஏற்றி, மயக்க மருந்தைக் குறைத்து, ஆள் விழிக்கிறாரா என்று பார்ப்பார்கள். சூடேற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது.

"கோடு நேராத்தானே போகுது? உனக்கு என்னம்மா குறை?" என்றார் டாக்டர் ரவிசங்கர்.

"குறையெல்லாம் இல்ல சார். இம்புட்டு நேரா வச்சிருக்க அந்த மெஷின் என்ன பாடு படுதுன்னு பாக்கணும் போல இருக்கு."

வைகையை நாம் பாலத்து மேலே நின்று பார்த்தால் வெறும் மணல்தானே தெரியும்? அடியில் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று தோண்டினால்தான் தெரியும். இந்துப்ரியாவும் தோண்டினாள். உடம்பின் சூட்டுக்குக் கீழே, ஓடுகிற தண்ணீரின் சூட்டையும் நீல நிறத்தில் இன்னொரு கோடாகப் போட்டாள்.

போட்டவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். மேல் கோடு நேராக இருக்க, நீலக் கோட்டில் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தது. பகலில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மறுநாளும் அப்படியே. அந்த நேரங்களில் மெஷின் தண்ணீரைச் சில்லென்று ஆக்கியிருக்கிறது. ஏதோ ஒரு சூட்டோடு மல்லுக்கு நின்றிருக்கிறது.

டாக்டர் ரவிசங்கரின் முகம் மாறிவிட்டது.

"நல்லவேளை போட்டே. இது ஜுரம்மா. உள்ள ஜுரம் வருது, மெஷின் அதை அமுக்கிக் காட்டாம வச்சிருக்கு. எங்கேயோ கிருமி புகுந்திருக்கு. இந்த நிலைமையில சூடேத்துனா மூளைக்கு ஆகாது. இன்னும் ரெண்டு நாள் குளிர்ச்சியிலயே கெடக்கட்டும்."

"ரெண்டு நாள் கூடுதலா கெடந்தா ஒண்ணும் ஆகாதா சார்?"

"ஆகாம என்ன? நெஞ்சுல சளி கட்டும், ரத்த அழுத்தம் இறங்கும். எந்தப் பக்கம் போனாலும் பள்ளந்தான். எது சின்னப் பள்ளமோ அதுல இறங்கணும்."

இந்துப்ரியாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஜுரம் என்றால் அது பாட்டுக்கு வரும், போகும். இது என்ன, பால்காரர் மாதிரி நேரம் பார்த்து வருகிறது? நேரே நர்ஸ் பெர்சியிடம் போனாள்.

"சிஸ்டர், பகல்லயும் சாயங்காலமும் பி.டி. சாருக்கு என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்யிறதில்லையே. அது வீட்டுக்காரங்க வந்து பாக்குற நேரம். அவரு சம்சாரம் ஆனிமேரி அக்கா வருவாக." சொல்லிவிட்டு பெர்சி ஏனோ வேகமாக மாத்திரை டப்பாவைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பகல் நேரம் வந்ததும் இந்துப்ரியா உள்ளே போனாள். அங்கே மருந்து நெடிதானே அடிக்க வேண்டும்? வறுத்த தவிட்டு வாசனை அடித்தது.

கட்டிலின் கால்மாட்டில் ஆனிமேரி நின்றிருந்தார். சோறு சூடாக இருக்க வைக்கிற ஹாட்பாக்ஸ் பக்கத்தில் திறந்து கிடந்தது. அதிலிருந்து எடுத்த துணி முடிச்சுகளை, தவிட்டை வறுத்துக் கட்டிய முடிச்சுகளை, புருஷனின் உள்ளங்காலில் வைத்து, மேலே கம்பளியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒத்தடம்!

"அக்கா, என்ன செய்றீங்க?"

ஆனிமேரி திடுக்கிட்டார். பின்னாலேயே வந்த பெர்சிதான் முந்திக்கொண்டாள். "ஒத்தடந்தானே மேடம்? மருந்தா மாத்திரையா? பாவம், அவுக மனசு ஆறட்டும்னு விட்டுட்டேன்."

"சில்லுன்னு கெடக்கும்மா காலு," என்றார் ஆனிமேரி. "உள்ளங்கால் சில்லிட்டா உசுரு எறங்குதுன்னு அர்த்தமில்லையா? அதுவும் இவருக்குக் கால்ல அம்புட்டுக் கூச்சம். விரலை நீட்டுனாலே சுருட்டிக்கிட்டு ஓடுவாரு. ஊரையே விசிலடிச்சு ஓடவிடுற மனுசன், என் சுண்டுவிரலுக்குப் பயப்படுவாரு. இப்போ என்ன வச்சாலும் அசைய மாட்டேங்குது. சூடு பத்தலையோன்னு இன்னைக்கு இன்னும் கொஞ்சம் வறுத்தேன்."

இந்துப்ரியா அவரைக் கையைப் பிடித்துத் திரைக்கு முன்னால் கூட்டிவந்தாள். நீலக் கோடு அவர்கள் கண் முன்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தது.

"பாருங்கக்கா. நீங்க காலைச் சூடாக்குறீங்க. அது உடம்பு சூடுன்னு நெனச்சு மெஷின் தண்ணிய இன்னும் குளிர வைக்குது."

"அப்போ நானும் இந்த மெஷினும் இத்தனை நாளா சண்டை போட்டுக்கிட்டா இருந்தோம்?"

"ஆமாக்கா. நடுவுல சார் மாட்டிக்கிட்டாரு."

விஷயம் தெரிந்து டாக்டர் ரவிசங்கர் ஓடிவந்து முதலில் முடிச்சுகளை எடுத்துப் போட்டுக் காலைத்தான் பார்த்தார். "மயக்கத்துல இருக்கவருக்குச் சுட்டாத் தெரியாதும்மா. கொப்புளம் போட்டா யாரு பதில் சொல்றது?" என்று ஆனிமேரியையும் பெர்சியையும் சேர்த்தே வைதார். உள்ளங்கால் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அப்புறம் திரையை உற்றுப் பார்த்து மோவாயைத் தடவினார்.

"ஒத்தடத்தாலதான் பள்ளம்னு எப்படிம்மா சொல்றது? ஜுரமும் சேர்ந்து இருந்தா?"

"ஒத்தடம் இல்லாம ஒரு தடவ பாப்போம் சார். சாயங்காலம் அக்கா வரட்டும், சும்மா உக்காரட்டும். பள்ளம் விழுந்தா நீங்க சொன்னபடி ஜுரம். விழலைன்னா..."

"விழலைன்னா சூடேத்துவோம். அதுக்குள்ள நான் சோதனைக்கு அனுப்புன ரத்தம், சளி ரிசல்ட்டும் வந்துரும்."

சாயங்காலம் ஆனிமேரி வெறுங்கையோடு வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்தார். கை இரண்டும் மடியில் கிடந்து ஒன்றையொன்று பிசைந்தன. எட்டுகிற தூரத்தில் புருஷனின் வெளுத்த பாதம். ஒரு தடவை கை நீண்டுவிட்டது. நீண்டதைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டார்.

"சும்மா இருக்குறது இம்புட்டு கஷ்டமா இருக்கும்னு தெரியாதும்மா," என்றார்.

இந்துப்ரியா திரையை விட்டு நகரவில்லை. அவள் கண் நீலக் கோட்டிலேயே இருந்தது. தன் கணக்குத் தப்பாகி, ஜுரக்காரரைச் சூடேற்றச் சொன்ன பாவம் தன் தலையில் விழுமோ என்று பயந்தாள். கோடு லேசாக நெளிந்தது. அவள் இன்னும் கிட்டே குனிந்தாள். நெளிந்த கோடு நிமிர்ந்து நேராகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. பார்வை நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் பள்ளம் விழவில்லை.

ரிசல்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் வந்தார். "கிருமி ஒண்ணும் இல்ல. பெர்சி, சூடேத்த ஆரம்பிப்போம்."

மேல் கோடு முதல் முறையாக அசைந்தது. ஏற்றம் தெரியாத ஏற்றமாக, அவசரமே இல்லாமல், மறுநாள் வரைக்கும் ஏறியது. உடம்பு பழைய சூட்டுக்கு வந்ததும் மயக்க மருந்தைக் குறைத்தார்கள். கண் திறக்கவில்லை. டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒன்றுமில்லை. "சில பேருக்கு நேரமாகும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நின்றார்.

"இப்போ தொடலாமா டாக்டர்? வெறுங்கைதான்," என்று கேட்டார் ஆனிமேரி.

"தொடுங்கம்மா."

ஆனிமேரி சுண்டுவிரலை நீட்டி, உள்ளங்காலின் நடுவில் லேசாக ஒரு கோடு இழுத்தார்.

வெடுக்கென்று கால் சுருண்டது. போர்வையே ஒரு சாண் மேலே போனது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! ஓடுறாரு பாருங்க!" ஆனிமேரி சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியவில்லை. டாக்டர் குனிந்து அந்தக் கண் இமைகளைப் பார்த்தார். அவை துடித்துக்கொண்டிருந்தன.

இந்துப்ரியா மட்டும் சட்டென்று திரையைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வெடுக்கு எதிலாவது விழுந்திருக்கிறதா என்று. மேல் கோடு நேராக இருந்தது. நீலக் கோடும் நேராகத்தான் இருந்தது.

"சார்," என்றாள், கண்ணை எடுக்காமல். "இதைக் காட்டணும்னா எந்தக் கோட்டைப் போடணும்?"