தனக்கோடி என்றொருவர் இல்லை

1

சிவசங்கரியிடம் நேரில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், எங்கள் யூனிட்டில், பொம்மைகளுக்கு டிசைன் வரைபவள் அவள். வரைந்தவள். மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஓர் இணைய மென்பொருளில் ஆறு வருடம் வரைந்தாள். இருநூற்றுப் பதினான்கு டிசைன்களும் அந்தக் கணக்கில்தான் இருந்தன. சூளைப் பழுதால் மூன்று மாதம் மூடிக்கிடந்த யூனிட்டைத் திறந்த அன்று பார்த்தால், கணக்கே இல்லை.

"நான்தான் எதையோ அழுத்திட்டேன் போலருக்குது சார்," என்றாள்.

அப்போதே நான் [இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை.]

2

முதல் தொடக்கம்: "அந்த நிறுவனம் செய்த அநியாயம் என்னவென்றால்..." கைவிட்டேன். சந்தா வரவில்லை என்று நான்கு முறை எச்சரித்து, தொண்ணூறு நாள் பொறுத்த பிறகே கணக்கை அழித்தவர்களை எப்படித் திட்டுவது?

இரண்டாவது: "வங்கி புது அட்டை அனுப்பாததால்..." அனுப்பியிருந்தது. மேசை இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடந்தது.

மூன்றாவதில் தனக்கோடி என்றொரு மேனேஜரைப் படைத்தேன். சந்தா கட்டுவதெல்லாம் அவர் பொறுப்பு. ரசீதும் எச்சரிக்கையும் அவர் மின்னஞ்சலுக்குத்தான் வரும். பழைய அட்டை காலாவதியான பிறகும் புது எண்ணை அவர் பதியவில்லை. ஆள் சுத்த சோம்பேறி, எப்போதும் வெற்றிலை வாய். (எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. அதனால்தான் சேர்த்தேன்.)

3

அந்த மேனேஜர் நான்தான்.

எச்சரிக்கைகள் என் கண்ணில் பட்டன. அப்போது வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். தொந்தரவு என்று அவற்றையெல்லாம் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டேன். (அந்தக் கதை எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.)

"கம்ப்யூட்டரு நமக்கு ஒத்து வராது சார்," என்று சொல்லிவிட்டு, பக்கத்து யூனிட்டில் பொம்மைக்குக் கண் எழுதும் கூலி வேலைக்குப் போய்விட்டாள் சிவசங்கரி. அவளைத் தடுக்க ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

4

போன வாரம் தனக்கோடி பிரதியை அவளிடம் கொடுத்தேன். படித்துத் தானே புரிந்துகொள்ளட்டும் என்ற கோழைத்தனம்தான். நேற்று டீக்கடையில் திருப்பித் தந்தாள்.

"நல்லா இருக்குது சார். ஆனா அந்த தனக்கோடி ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தப் பொண்ணு வேலைய வுட்டுருக்காதுல்ல?"

"ஆமா."

"கடைசி வரைக்கும் அவரு சொல்லவே இல்லியே. முடிவு இன்னும் எழுதலிங்களா?"

"எப்படி முடிக்கலாம், நீயே சொல்லேன்."

"அத அவருதான் சொல்லணும் சார்."

டீயைக் குடித்துவிட்டு, "போயிட்டு வரேன்," என்று கிளம்பினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா? [மூன்று விளக்கங்கள் எழுதினேன். மூன்றும் எனக்குச் சாதகமாக இருந்தன. அழித்துவிட்டேன்.]

5

ஒரு முடிவு: அவள் மன்னித்து, திரும்ப வரைய வருகிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு, அதனாலேயே நம்பிக்கை இல்லை. இன்னொன்று: அவள் என் முகத்தைப் பார்த்து

வேண்டாம்.

இன்று மத்தியானம் பிரதி முழுக்கத் தனக்கோடியை அடித்துவிட்டு "நான்" என்று எழுதினேன். பதினேழு இடம். பக்கத்து யூனிட் ஐந்தரைக்கு விடும். இப்போது ஐந்தே கால். கேட்டுக்கு எதிரே, வண்டி சீட்டின் மேல் தாளை வைத்து இந்த வரியை எழுதுகிறேன்.

இதற்கு மேல் நான் எழுதினால் மறுபடி புளுகுவேன். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னை எப்படி வேண்டுமானாலும் முடித்துவிடுங்கள். ஆனால், அவள் எதையும் அழுத்தவில்லை. எந்த முடிவு எழுதினாலும் அதை அவளிடம் யாராவது சொல்லிவிட வேண்டும்.