மாமாவுக்கு எல்லாமே பிரமாதம்

அக்கா வீட்டில் தங்கித்தான் நான் வேலைக்குப் போய்வருகிறேன். அத்தான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறார். பகல் முழுக்க ஊரார் ரத்தத்தை ஆராய்ந்தும் மனிதருக்குத் திருப்தி வரவில்லை போலிருக்கிறது. ஒரு பிரெஞ்சு பிரஸ் வாங்கிவந்தார். கண்ணாடிக் குடுவையில் காபித்தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு, சல்லடை மாட்டிய கம்பியை அமுக்கினால் காபி தயார். நமக்கு அவ்வளவுதான். அத்தானுக்கு அது ஆயுள்கால ஆராய்ச்சி.

அன்றிலிருந்து எங்களுக்குக் காலையில் காபி கிடைப்பது நின்று, பரிசோதனை முடிவுகள் கிடைக்க ஆரம்பித்தன. ரவை மாதிரி அரைத்து இரண்டு நிமிடம் ஊறவைத்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர். மாவாக அரைத்து எட்டு நிமிடம் விட்டால் கஷாயம். அக்கா இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுவாள். நான் பல்வலி என்று சொல்லித் தப்பித்துவந்தேன்.

நேரம் பார்த்து ஊரிலிருந்து அப்பா வந்து சேர்ந்தார். மருமகன் நீட்டிய எதையும் வேண்டாமென்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"எப்படி இருக்கு மாமா?"

"பிரமாதம் மாப்பிள்ளை."

தண்ணீருக்கும் பிரமாதம், கசப்புக்கும் பிரமாதம். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் எந்த ஆராய்ச்சி உருப்படும்? அத்தானுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூளை முகப்பவுடர் போல அரைத்து ஊறப்போட்டுவிட்டு, நிதானமாகக் குளிக்கப் போனார். திரும்பி வந்து, "இதுக்கு என்ன சொல்றாருன்னு பாக்கறேன்" என்று என் காதில் கிசுகிசுத்தார்.

கம்பி இறங்கவில்லை. தூள் சல்லடையை அடைத்துக்கொண்டிருந்தது. விஞ்ஞானி விடுவாரா? இரண்டு கையையும் ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கினார். கறுப்புக் குழம்பு பீய்ச்சியடித்து, எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவை மூக்குக்கண்ணாடி முதல் வேட்டி வரை நனைத்தது. அத்தான் சோப்பு போட்டுக் குளித்ததில் காபி ஆறியிருந்தது, மாமனார் பிழைத்தார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உதட்டில் வழிந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல மணம் மாப்பிள்ளை."

அத்தான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "மாமா, உங்க கால்ல வேணா விழறேன். ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லுங்க."

அப்பா அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருவரும் வேறெங்கோ பார்த்தோம்.

"எனக்குக் காபியே புடிக்காது மாப்பிள்ளை. நான் டீதான் குடிப்பேன். நீங்க ஆசையா குடுக்கும்போது எப்படி வேணாம்னு சொல்றது?"

அத்தான் முகம் தொங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. அக்கா தரையைத் துடைத்துக்கொண்டே, "இதை வந்த அன்னிக்கே சொல்லியிருந்தா, இந்தப் பாழாப்போன குடுவை அன்னிக்கே பரண் ஏறியிருக்கும்ல அப்பா?" என்றாள்.

அத்தான் மெல்லத் தலையைத் தூக்கினார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"டீன்னா மாமா, இலை பெருசா இருக்கணுமா, பொடியா இருக்கணுமா?"

அக்கா துடைப்பதை நிறுத்திவிட்டு அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா எழுந்து, ஈரச் சட்டையோடு தன் பையைத் தேட ஆரம்பித்தார்.