சூக்கி தைத்த சாக்குகள்

அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட காலம். வடக்கத்தியான் கோட்டைக்குத் தப்பி ஆற்றைக் கடக்கும்வரை சூக்கிக்கு ஒரே பயம்தான். தெற்கத்திப் படை எழுப்பிய பீரங்கி மேட்டுக்கு மண் வெட்டியவன் அவள் புருஷன் ஐசம். அந்த மேட்டுக்கு முந்நூறு மணல் சாக்கு தைத்தவள் அவள். எசமான் கார்லண்ட் தன் அடிமைகளான இருவரையும் ஏர்மாடுபோலப் படைக்கு இரவல் கொடுத்திருந்தான். அந்த மேட்டிலிருந்து குண்டடி பட்ட வடக்கத்தியான், விஷயம் தெரிந்தால் சும்மா விடுவானா?

"கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு," என்றாள் படகில்.

"என் கையப் பாத்தாலே தெரியுமே புள்ள," என்றான் ஐசம். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

வடக்கத்தியான் கோட்டையில் அவனைத்தான் முதலில் விசாரித்தார்கள். சூக்கி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கேப்டன் என்னவோ கேட்க, ஐசம் கையை விரித்துக் காட்டினான். உடனே ஒரு சிப்பாய் அவனிடம் மண்வெட்டியைக் கொடுத்து, துப்பாக்கியோடு கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனான். ஓடிப் பிடிபட்டவனைத் தன் குழியைத் தானே வெட்டவைத்ததை அவள் கார்லண்ட் தோட்டத்தில் பார்த்திருக்கிறாள்.

"நீ அவங்க படைக்கு என்ன வேலை செஞ்ச?" என்று அவளை உள்ளே கூப்பிட்டுக் கேட்டான் கேப்டன்.

"ஒண்ணுமில்ல தொர, சத்தியமா. ஒரு துரும்பக்கூட எடுத்துப் போடல. வீட்டு அடுப்படியோட சரி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. தையல், சமையல், துவைக்கிறது, ஏதாவது?"

வெள்ளைக்காரன் இரண்டாம் தடவை கேட்டால் அது வலைதான் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. "எதுவுமே இல்ல தொர."

கேப்டன் பேனாவைக் கீழே வைத்தான். "எதிரி படைக்கு வேலை செஞ்ச அடிமையத்தான் நாங்க வச்சுக்கலாம்னு சட்டம். மத்தவங்கள எசமான் கேட்டா, குடுத்துடச் சொல்லி மேலிடத்து உத்தரவு."

அடிமையை விடமாட்டேன் என்றுதான் தெற்கத்தியான் நாட்டையே பிளந்தான். இரு கரையிலும் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆனால் வடக்கத்தியான் காகிதத்தில் மட்டும் இது அடிமைக்கான சண்டை இல்லையாம். நாசமாய்ப் போன காகிதம்.

அவளைக் கேட்டு வந்து, வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கார்லண்டின் கங்காணி, சமாதானத்துக்கு வெள்ளைத்துணி கட்டிய கம்போடு உள்ளே வந்தான்.

"பொய் சொல்லிட்டேன் தொர," என்று சூக்கி கதறினாள். "முந்நூறு சாக்கு தச்சேன். விரலப் பாருங்க, எல்லாம் ஊசிக் குத்து."

"எசமானியம்மா பாவாடை தச்ச விரலுங்க அது," என்று சிரித்தான் கங்காணி. "இவளே இப்பதான சொன்னா, துரும்பக்கூட எடுத்துப் போடலன்னு."

கேப்டன் எழுதியதை அடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

கங்காணியோடு கொட்டகையைத் தாண்டும்போது ஐசம் தெரிந்தான். வாயில் ரொட்டி, வடக்கத்தியான் கோட்டைக்குப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தான். அவளையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்து, சிரித்தபடி கையை ஆட்டினான். கங்காணி அவள் முழங்கையைப் பிடித்திருந்ததைப் பார்த்த பிறகுதான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி மறித்துவிட்டான்.

மறுநாள் காலை கங்காணி அவள் மடியில் சாக்குத் துணியை எறிந்தான். "மேட்ட இன்னும் ஒசத்தணுமாம். தையி."

தைத்தாள். ஐசம் இருக்கும் கோட்டையைச் சுடப்போகும் பீரங்கிக்குத்தான் அது அணை. முதல் சாக்கில் ஒரு துண்டைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்த தடவை ஆற்றைத் தாண்டியதும், யாரும் கேட்பதற்கு முன்பே அதைச் சாட்சியாகக் கேப்டன் மேசைமேல் போட்டுவிடுவாள், அடுத்த தடவை என்று ஒன்று இருந்தால்.