இறக்கத்தில் ஒரு கேரவன்

காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப்போகிற கேரவன் வீடு வாங்கியதில் ரூலீனுக்கு வருத்தமில்லை. அதில் கணவன் வூட்டர் எதை எங்கே ஏற்றினான் என்பதில்தான் வருத்தம்.

அவர்களுடையது சின்னக் கார். அதற்கு ஏற்ற லேசான கேரவனாகத் தேடித் தேடித்தான் எடுத்தார்கள். விற்றவர் படித்துப் படித்துச் சொன்னார்: "காலியா இருக்கிற வரைக்கும்தாங்க இது லேசு. எப்பவும் கார்தான் கனமா இருக்கணும். கனமான சாமானைச் சக்கரத்துக்கு மேல வைங்க, வாலுல ஏத்திடாதீங்க. ஏத்தினா அது உங்களை இழுத்துட்டுப் போயிரும்." வூட்டர் நன்றாகத் தலையாட்டினான். ஆட்டியதோடு சரி.

பிரான்சுக்கு விடுமுறை போகிற டச்சுக்காரன் அங்கே போய் உருளைக்கிழங்கு வாங்குவானா? மானம் போய்விடாதா? மூட்டை மூட்டையாகக் கிழங்கு, கடலை வெண்ணெய் டப்பாக்கள், காபித்தூள், பீர் என்று எல்லாம் வீட்டிலிருந்தே வந்தன. எல்லாம் பின்பக்க அலமாரிக்குள் போயின. அதற்கும் பின்னால் மூன்று சைக்கிள்களைத் தொங்கவிட்டான்.

ஏற்றி முடித்து ஊர்க் கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தான். மேடு என்றால் பாலத்தைக் காட்டுகிற ஊர் அது. "பாத்தியா, எப்படிச் சமத்தா வருது!" என்று மார்தட்டிக்கொண்டான்.

பிரெஞ்சு மலையில் முதல் இறக்கத்திலேயே சமத்து போய்விட்டது. கேரவனின் வால் இடமும் வலமும் வீச, காரின் பின்பக்கமும் சேர்ந்து ஆடியது.

"ஊஞ்சல்! ஊஞ்சல்!" என்று பின்சீட்டில் ஆறு வயது ஃபென்னா கைதட்டினாள்.

வூட்டர் பிரேக்கை மிதிக்க, ஆட்டம் இன்னும் கூடியது. நல்லவேளையாகச் சாலையோரம் ஒரு அகலமான இடம் வந்தது. எப்படியோ ஒதுக்கி நிறுத்தினான். பிரேக் கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"மூட்டைய இறக்கு, வூட்டர்."

"காத்து ரூலீன், வெறும் காத்து."

"காத்துன்னா மரம் ஆடணும். ஒரு இலைகூட ஆடல. இறக்குடா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பின்னால வர்ற நம்பர் பிளேட்டைப் பாரு. பூரா மஞ்சள், பூரா நம்ம ஊர்க்காரனுங்க. நடுமலையில கிழங்க உருட்டி விட்டா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் சிரிப்பானுங்க."

ரூலீனுக்கு ஆத்திரம் வந்தது. சிரிப்பார்களாம்! மகளின் பெல்ட்டை அவிழ்த்தாள். அவளையும், தண்ணீரும் தின்பண்டமும் நிரம்பிய பெரிய பெட்டியையும் கீழே இறக்கினாள்.

"நாங்க நடந்து வர்றோம்."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா, பைத்தியம்தான். என் பிள்ளைய இதுல உக்கார வைக்க மாட்டேன்."

"சரி தாயே, நட. கீழ ஊர்ல உக்காந்து காபி குடிச்சிட்டு இருக்கேன். காலு வீங்கி வந்து சேரு."

கார் கிளம்பியது. மகளின் கையைப் பிடித்திருந்த ரூலீனுக்கு அப்பாடா என்றிருந்தது. பிள்ளை தப்பித்தாள், அது போதும்.

அப்போதுதான் அவள் காரைச் சரியாகப் பார்த்தாள். ஆளில்லாத பின்சீட்டோடு அதன் பின்பக்கம் முன்பைவிட உயர்ந்திருந்தது. கனமாக இருக்க வேண்டியது கார். அவள் கனத்தை இறக்கியதோ காரிலிருந்து. கேரவனில் ஒரு கிழங்குகூடக் குறையவில்லை.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

"வூட்டர்! நில்லு! நிறுத்து!" இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசிக்கொண்டு சாலையில் ஓடினாள்.

வூட்டர் கண்ணாடியில் அவளைப் பார்த்திருக்க வேண்டும். கோபம் தணிந்து வழியனுப்புகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினான்.

வால் இடப்பக்கம் வீசியது, வலப்பக்கம் வீசியது. அடுத்த வீச்சில் காரின் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. வளைவில் இருந்த தடுப்புக்கம்பி பிய்ந்தது. கேரவன் முதலில் பள்ளத்துக்குள் போனது, காரையும் இழுத்துக்கொண்டு.

ரூலீன் நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டாள். மேலே, பெட்டியின் பக்கத்தில் நின்ற ஃபென்னா அப்பாவுக்கு இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தாள்.