நிமிர்ந்து நின்ற ஸ்டூல்

குற்றம் நடந்த இடத்துக்கு எங்களுக்கு முன்னால் வந்து நிற்கிற போலீஸ்காரர்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வாயில் நல்ல வார்த்தை வராது. ஒருவர் ஃபேனை அணைப்பார். இன்னொருவர் கதவுப் பிடியை ஆசை தீரத் தடவுவார். கைரேகை எடுக்க வேண்டிய டம்ளரில் தண்ணீர் குடித்த மகானுபாவரும் உண்டு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! தடயவியல் துறையில் எனக்கு இருபத்திரண்டு வருடம். யார் சொல்வதையும் நம்ப மாட்டேன், பொருள் சொல்வதைத்தான் நம்புவேன்.

அன்று போனது ஒரு டெய்லர் கடை. டெய்லரின் மனைவி, துணி வெட்டுகிற மேஜைக்குப் பின்னால் இறந்து கிடந்தாள். பின்மண்டையில் அடி. மேல்தட்டிலிருந்து துணிக்கட்டை எடுக்க ஸ்டூலில் ஏறி விழுந்துவிட்டாள், தான் உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன் என்றார் புருஷன். காலையில் இருவரும் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருந்தது. இன்ஸ்பெக்டருக்கு அது போதும். எனக்கு ஸ்டூல் வேண்டும். வாசலில் நின்று, எதையும் தொடக்கூடாது என்று அவருக்குப் பாடம் நடத்தி முடித்துவிட்டு உள்ளே போனேன். ஸ்டூல் மேஜையோரம் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. பலகையின் விளிம்பில் ரத்தம்.

"விழுந்தவ செத்துட்டா. ஸ்டூல் மட்டும் எழுந்து, தூசி தட்டிட்டு, ஓரமா போய் நின்னுக்கிச்சா?" என்றேன். இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சத்தியமா நான் அதைத் தொடவே இல்லீங்க," என்றார் டெய்லர். வாசலில் அழுதுகொண்டிருந்த அவருடைய மகள் அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

ஸ்டூலால் அடித்துவிட்டு எடுத்து வைத்திருக்கிறார் என்று அறிக்கை எழுதினேன். அவரை உள்ளே தள்ள அதுவே போதுமாயிருந்தது.

நான்கு மாதம் கழித்து, மறுநாள் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டுமே என்று படங்களை மேஜையில் பரப்பினேன். மேலிருந்து எடுத்த படத்தில், பரவிய ரத்தம் ஒரு பக்கம் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நின்றிருந்தது. ஏதோ பலகை தரையில் கிடந்து அதைத் தடுத்திருக்கிறது. கோட்டின் நீளத்தையும் ஸ்டூல் பலகையின் அளவையும் ஒப்பிட்டேன். ஒரே அளவு. அவள் விழுந்தபோது ஸ்டூலும் கூடவே கவிழ்ந்து கிடந்திருக்கிறது. எங்கள் போட்டோகிராஃபரைக் கூப்பிட்டேன்.

"இதை எது மேல ஏறி எடுத்தீங்க?"

"அங்க கவுந்து கிடந்த ஸ்டூல் மேலதான் மேடம். ஏணி வண்டியிலயே இருந்துச்சு."

"அதை யாரு நிமித்தினது?"

"நான்தான். வாசல்ல இருந்து நீங்கதானே, 'மேல இருந்து ஒண்ணு எடுய்யா, சீக்கிரம்'னு கத்தினீங்க? எடுத்துட்டு, யார் காலும் இடறக்கூடாதேன்னு ஓரமா வெச்சேன்."

மல்லாந்து படுத்துத் துப்பினால் மார்மேல்தான் விழும். தொடாதே தொடாதே என்று ஊருக்கே உபதேசம் பண்ணிய மகராசி, என் ஆள் தொட்டதைப் பார்க்கவில்லை. எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "இத்தனை நாள் யாருமே கவனிக்கலையே மேடம். கண்டுக்காம விட்டுடுங்க. உங்க பேருதான் கெடும்," என்றார். கெட்டு ஒழியட்டும் என்றேன். மறுநாள் நீதிபதியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கோர்ட்டில் பாதிப் பேர் சிரித்தார்கள். வேண்டியதுதான் எனக்கு.

விடுதலையான டெய்லர் வராந்தாவில் என்னிடம் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். நாலு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"என் பொண்ணு நாலு மாசமா என்னைப் பாக்க வரலீங்க," என்றார். "ஜட்ஜுகிட்ட சொன்னதை அவகிட்டயும் வந்து சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டா."