அழக்கூடாத சாவு

அப்பாவின் இமைகளை மூடிவிட்டு அராபா வாய்விட்டு அழத் தொடங்கியதுதான் தாமதம், அத்தை மகன் பெண்ட்சில் ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினான். அவன் உள்ளங்கையில் மீன் நாற்றம்.

"சத்தம் போடாத! ஊர்த்தலைவர் செத்தா உடனே அழக்கூடாதுன்னு தெரியாதா? குடும்பம் நாள் குறிச்சு முரசு அடிக்கிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது."

அராபா அவன் கையைத் தட்டிவிட்டாள். "அப்பா தலைவர் இல்ல அத்தான். தலைவர் பீடம் மேலத்தெரு குடும்பத்துக்குத்தான்னு அக்ராவுல பெரிய கோர்ட்டே சொல்லியாச்சு."

"சொன்னா என்ன? மறுபடி மனு போட்டிருக்கோம்ல. இப்ப நீ ஒப்பாரி வெச்சேன்னு வை, அவங்க வக்கீல் எழுந்து நிப்பான். 'சாதாரண ஆளுன்னு சொந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டா, பாருங்க'ம்பான். முடிஞ்சுது கதை."

கதை முடிந்து நாளாயிற்று என்று ஊரில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். அந்த வழக்கு அப்பாவின் தென்னந்தோப்பைத் தின்றது, படகைத் தின்றது, கடைசியில் அவரையே தின்றது. போன வாரம் அவர் அராபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பீடமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். என்னை உங்கம்மா பக்கத்துல படுக்க வெச்சிடு" என்றார். சரியென்று தலையாட்டியிருந்தாள்.

அதைச் சொன்னாள். பெண்ட்சிலைப் பெற்ற மான்சா அத்தை, தம்பியின் காலைத் துணியால் மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஜுரத்துல அவன் ஆயிரம் சொல்லியிருப்பான். உடம்பு எங்களுது கண்ணு. பிள்ளைங்க தாய்வழிதானே, நீ உங்கம்மா குலம். இதுல பிள்ளைங்களுக்குப் பேச்சு கிடையாது."

மலம் துடைத்த நாளில் எந்தக் குலமும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் அத்தை சொன்னதுதான் வழக்கம். மீறினால் புதைக்கிற அன்று அவளைப் பக்கத்திலேயே விடமாட்டார்கள்.

"அப்ப எப்பதான் புதைப்பீங்க?"

"கேஸ் முடியட்டும். தலைவர்களைப் புதைக்கிற தோப்புல முறைப்படி செய்வோம்" என்றான் பெண்ட்சில்.

"முடிஞ்ச கேஸ் இன்னும் எப்படி அத்தான் முடியும்?"

அவன் தன் மீன் வண்டியைப் பின்வாசலுக்குக் கொண்டுவரப் போனான். அப்பாவைப் பாயில் சுருட்டி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஏற்றினார்கள். நகரத்துப் பிணவறையில் வேறு பெயரில் வைப்பார்களாம். அராபாவும் ஏறப் போனாள்.

"நீ இங்கயே இரு" என்று அத்தை தடுத்தாள். "தினம் சமைச்சு அவன் ரூமுக்குக் கொண்டு போ. உலக்கைச் சத்தம் தெருவுக்குக் கேக்கணும். யாராவது கேட்டா, ஓய்வெடுக்கிறார்னு சொல்லு."

சாயங்காலம் மரவள்ளியையும் வாழைக்காயையும் வேகவைத்து உரலில் போட்டு ஃபுஃபு இடித்தாள். ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. இடித்துக்கொண்டே இருந்தாள்.

சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு எஃபுவாவின் தலை தெரிந்தது.

"என்னடி, ஃபுஃபுவா! ஒரு மாசமா வெறும் கஞ்சிதானே குடிச்சிட்டிருந்தார்? பசி வந்திடுச்சா?"

"ம்."

"கடவுளே, உனக்குக் கோடி நன்றி! இரு, வரேன்." போன வேகத்தில் புகைபோட்ட மீன் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "குழம்புல போட்டுக் குடு. நான் குடுத்தேன்னு சொல்லு, என்ன?"

"சொல்றேன்க்கா."

குழம்பு கொதித்ததும் அப்பாவின் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். கிண்ணத்தை முக்காலியில் வைத்துவிட்டுக் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் எஃபுவா சந்தோஷமாக ஒரு தேவாலயப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அராபா மீனைப் பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள்.